உடைந்த மூக்குப் பக்கத்தின் அடியில், அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

குஜராத்திலிருந்து ஒருவர் தினமும் நம் இணையப் பக்கத்துக்கு வந்து போகிறார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று காட்டும் படத்தில், மாசி மாதம் முழுக்க இரண்டே புள்ளிகள். ஒன்று விருத்தாசலத்தில் இருந்தது, அது நான். இன்னொன்று குஜராத்தில் இருந்தது. மதியம் ஒன்று பத்துக்கு வருவார், நான்கு நிமிடம் இருப்பார், போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மாசி மாதத்தில் யார் வீட்டுப் பொம்மைக்கு மூக்கு உடைகிறது, அப்படியே உடைந்தாலும் அதே மூக்கு தினமும் எப்படி உடைகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அம்மாதான் ஒருநாள் உங்களிடம் போனில் பேசிவிட்டு வந்து, "அங்க ஒரு மணிக்குத்தான் சோத்துக்கு வுடுறாங்களாம் பாப்பா. பத்து நிமிஷத்துல வாரிப் போட்டுகினு செத்த நேரம் போனப் பாத்துகினு உக்காந்திருப்பாராம்" என்றாள். அந்தப் புள்ளி யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் டைல்ஸ் கம்பெனிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. அம்மாவிடம் வாரம் இரண்டு முறை பேசுகிறீர்கள். "பாப்பா எப்டி இருக்குது?" என்று கேட்கிறீர்கள். "இதோ பக்கத்துலதான் இருக்குது, நீங்களே பேசுங்களேன்" என்று அம்மா போனை நீட்டினால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. எனக்கும் அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்குகிறது. அடுப்பு அணைந்திருந்தாலும் பொங்குகிறது. நமக்குள் இப்போது மிச்சமிருக்கும் ஒரே போக்குவரத்து இந்தப் பக்கம்தான் என்பதால், சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். நாளை ஒன்று பத்துக்கு நீங்கள் வரும்போது இது இங்கே இருக்கும்.

வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைக்குப் பெற்றவர்கள் இப்படி நீளமாக எழுதுவது உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு, கண்டவனை நம்பாதே, நாங்கள் செய்த தப்பை நீ செய்யாதே என்று எழுதுவார்கள். நம் வீட்டில் வெளியூருக்குப் போயிருப்பது நீங்கள். இங்கே உட்கார்ந்து கவலைப்படுவது நான். அதனால் அந்தக் கடிதத்தை நான் எழுத வேண்டியதாகிவிட்டது. எனக்குப் பதினெட்டு வயதுதான் ஆகிறது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் படியுங்கள். ஒரு பக்கத்தில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும் என்று உங்களோடு சண்டை போட்டவளும் நானேதான். இன்று நானே அதை மீறுகிறேன். பொம்மை மூக்கு ஒட்டுவதற்காக வந்த மற்றவர்கள் மேலே சொன்ன ஆறு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். பசை காயும்வரை சும்மாதானே இருக்கப் போகிறோம் என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

முதல் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் நான் பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை என்று உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "தெனம் நான்தானே சைக்கிள்ல கொண்டாந்து வுட்டுட்டுப் போறேன்?" என்று நீங்கள் சத்தம் போட்டீர்கள். டீச்சர் பொறுமையாக, "கொண்டாந்து வுடுறீங்க. பேர் கூப்ட்டா வாயத் தொறந்து 'உள்ளேன்'னு சொல்லணும் இல்லீங்களா? முன்னாடி பெஞ்சுக்கே கேக்க மாட்டேங்குது" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குமேல் நான் பள்ளிக்குப் போகவில்லை, நீங்களும் போகச் சொல்லவில்லை. "வுடு, அது பேசலன்னா என்ன, அதுக்கும் சேத்து நான் பேசிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். பாசத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் ஆரம்பம் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கும் சேர்த்து நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள், நிறுத்தவே இல்லை.

செராமிக் எஸ்டேட்டில் நீங்கள் இருபது வருடமாகப் பொம்மை பேக்கிங் செய்த அதே கம்பெனியில் நான் பொம்மைக்குக் கண்ணும் உதடும் வரையப் போனேன். வாசலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் நன்றாக விழும் என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். நவராத்திரி நெருங்கினால் போன வருடப் பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பத்தில் எட்டுப் பொம்மைக்கு மூக்கு போயிருக்கும். உடம்பிலேயே முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது அதுதானே. எப்படி ஒட்டுவது என்று வாசலில் இருக்கும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நாலு நாள் பார்த்துவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, மூக்கு ஒட்டும் முறையை ஆறு வரியில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் படித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். எனக்கு நிம்மதி. கடலூரிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் அட்டையைப் படித்துவிட்டு, "இத நெட்டுல போட்டுத் தொலைச்சிருந்தா நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்க மாட்டேனே!" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். அந்தத் திட்டிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பக்கம்.

போனிலேயே செய்தேன். ஒரு பக்கம் இலவசம், இரண்டாவது பக்கத்துக்குக் காசு என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம் என்பதால் அது தோதாகப் போயிற்று. செய்து முடித்து உங்களிடம் காட்டினேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, "வெறும் மூக்க மட்டும் போட்டா எவன் வருவான்? திட்டக்குடி பஸ்ஸு டைமு போடு. மங்களூர் பஸ்ஸு டைமும் போடு. ராசிபலன் போடு. ஓரமா என் போட்டோவப் போடு" என்றீர்கள்.

"மூக்கு ஒடஞ்சவங்களுக்கு உங்க போட்டோ எதுக்குப்பா?"

"ஒரு தைரியத்துக்கு."

மூன்று நாள் சண்டை. ஒருத்தர் உடைந்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கு இந்த உலகத்தில் வேறெதுவும் வேண்டாம், மூக்கு மட்டும் வேண்டும் என்று சொன்னேன். வீட்டுக்குள் மட்டும் எனக்கு வாய் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் வாங்கிக்கொண்டு போய்விடுவான், கடைசியில் வை என்றீர்கள். கடைசியில் வைத்தால் பாதியில் போய்விடுவார்கள் என்றேன். "அப்ப நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அத மொத வரியா போடு. வைக்கோலக் கொட்டிடாதீங்கன்னு போடு" என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். "இருவது வருஷமா கட்டி அனுப்புறேன் பாப்பா. மூக்கு எங்கயும் ஓடிப் போவாது, பெட்டிக்குள்ளயேதான் ஒடையும், வைக்கோல்லதான் கெடக்கும். இவனுங்க வைக்கோல மொதல்ல தெருவுல கொட்டிட்டு, அப்புறமா மூக்கு செய்ய மாவு பெசையிறானுங்க." அதைத்தான் முதல் வரியாகப் போட்டேன். இன்று வரைக்கும் இந்தப் பக்கத்துக்கு வந்த நன்றிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்கு வந்தவை. என் ஆறு வரியும் தேவையே இல்லாமல், மூக்கை வைக்கோலிலிருந்து பொறுக்கி ஒட்டிக்கொண்டவர்கள் அவர்கள். இதை உங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போட்டோவையும் போடச் சொல்வீர்கள் என்று சொல்லாமல் விட்டேன்.

ஆனால் ஒரு வாரம் ஒருத்தரும் வரவில்லை. பக்கம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தேடுபவர்கள் தாங்களாகவே வந்து சேரட்டும் என்று நான் காத்திருந்தேன். உங்களுக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. "பொம்மையின் மூக்கு உடைந்தால் இங்கே பார்க்கவும்" என்று பக்கத்தின் முகவரியோடு ஆயிரம் துண்டுச் சீட்டு அச்சடித்து, பேக்கிங்கில் ஒரு பெட்டிக்கு ஒரு சீட்டு வைத்து நாடு முழுக்க அனுப்பிவிட்டீர்கள். முதலாளிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆவணியில் புள்ளிகள் கிளம்பின. புரட்டாசியில் படம் அம்மை போட்டது போல ஆகிவிட்டது. மதுரை, பெங்களூர், பம்பாய் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். தேடுகிற இடத்தில் பக்கம் முதலாவதாக வந்து நின்றது. அதனால் வேண்டாத ஆட்களும் வந்தார்கள். "வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்துவிட்டார், மூக்கில் வீக்கம், பசை எவ்வளவு நேரம் காய வேண்டும்?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். பதறிப்போய், "இது பொம்மை மூக்குக்கு மட்டும். மனிதர்கள் டாக்டரிடம் போகவும்" என்று சிவப்பு எழுத்தில் மேலே போட்டேன். இன்றும் இருக்கிறது, பாருங்கள்.

பிறகு விளம்பரம் போட விண்ணப்பித்தோம், கிடைத்தது. வருகிறவர்களில் யாராவது விளம்பரத்தை அமுக்கினால் நமக்குச் சில காசு. நூறு டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். பக்கம் கலகலவென்று இருந்தால் நாலு பேர் நம்பி அமுக்குவார்கள் என்று நீங்கள் கருத்துப் பெட்டியில் எழுத ஆரம்பித்தீர்கள். "மிகவும் பயனுள்ள தகவல். நிர்வாகிக்கு வாழ்த்துகள். இப்படிக்கு, திரு. குமார், அமெரிக்கா." அப்பா, தன் பெயருக்கு முன்னால் தானே திரு போட்டுக்கொள்ளும் ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். படத்தில் அமெரிக்காவில் ஒரு புள்ளியும் இல்லை. அடுத்த வாரம் அதே குமார், "ரெண்டு நாளா எங்க தெருவுல கரண்ட் இல்லை, அதான் வர முடியவில்லை" என்று எழுதியிருந்தார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கடைக்காரர் முதலாளிக்குப் போன் செய்து, "இந்த வருஷம் சரக்கே மூக்கு ஒடஞ்சுதான் வருமா? சீட்டெல்லாம் வெச்சு அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். முதலாளி பேக்கிங் கொட்டகைக்கு வந்து நின்றது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

"யோவ், பொம்மைய அனுப்பும்போதே மூக்கு ஒடையும்னு சொல்லி அனுப்புறியே, நீ எனக்கு வேல பாக்குறியா, எவனுக்கு வேல பாக்குற?"

"ஒடஞ்சா ஒட்டிக்கட்டும்னு ஒரு ஒத்தாசைதாங்க மொதலாளி."

"நாளையிலேருந்து வூட்டுல ஒக்காந்து ஒத்தாசை பண்ணு."

நீங்கள் தலையில் வைக்கோலோடு என்னைக் கடந்து போனீர்கள். "கவலப்படாத பாப்பா, இனிமே நமக்கு நெட்டுதான்" என்று கண்ணடித்தீர்கள். நான் வரைந்துகொண்டிருந்த கண்ணனுக்கு ஒரு புருவம் நெற்றி வரைக்கும் போய்விட்டது.

இங்கே பெற்றவர்கள் சொல்வது போல ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே விஷயத்துக்காக இருக்கும் பக்கம், அந்த விஷயத்துக்குக் காலம் வந்தால் ஓடும், காலம் போனால் தூங்கும். அதை நம்பி இருக்கிற வேலையை விடக் கூடாது. விடவில்லை, விட வைத்துவிட்டார்கள் என்பீர்கள். சரி. ஆனால் ஐப்பசி பிறந்ததும் ஊரெல்லாம் பொம்மைகள் பரணுக்குப் போய்விட்டன. புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நம் கணக்கு எண்பத்து மூன்று டாலரில் நின்றது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் நீங்கள் அதைத்தான் பார்ப்பீர்கள். எண்பத்து மூன்று. சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பீர்கள். எண்பத்து மூன்று. "பொங்கலுக்குள்ள மூக்கு ஒடையிற மாதிரி வேற எதுனா பண்டிகை வருதா?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். "இப்பிடியே நீங்க போனையே பாத்துகினு ஒக்காந்திருந்தா இந்த வூட்லயே வரும்" என்றாள் அம்மா.

பிறகு கார்த்திகையில் திட்டக்குடி அத்தை மகளுக்குக் காதுகுத்து வந்தது. நீங்கள் தாய்மாமன். பத்திரிகையில் எல்லோருக்கும் திரு போட்டு உங்களுக்கு மட்டும் விட்டுப்போய்விட்டது என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தீர்கள். அத்தை போனில், "எடம் பத்தலண்ணே, மடியில ஒக்கார வெக்கப் போறதே நீதான், ஒனக்கெதுக்கு திரு?" என்று கேட்டும் ஆறவில்லை. மண்டபத்தில் நீங்கள் புது வேட்டியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். காது குத்தியதும் அது அழுத அழுகையில் உங்கள் மூக்கில் ஒரு அறை விட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல நாளாக முடிந்திருக்கும். மொய் எழுதுகிற மேசையில் ஒருவர் பெயரையும் தொகையையும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் போய் அந்த மைக்கை வாங்கினீர்கள்.

"சொந்தக்காரங்களுக்கெல்லாம் வணக்கம். இருவத்தி ரெண்டு வருஷமா உங்க வூட்டு விசேஷம் ஒண்ணு வுடாம மொய் வெச்சவன் நான். என் வூட்டுல இதுவரைக்கும் ஒரு விசேஷம் வெச்சது கெடையாது. எனக்குத் திரும்ப வரவேண்டிய மொய்ய இன்னைக்கு வாங்கிக்கிறேன். காசு வேணாம். எல்லாரும் போன எடுங்க. என் பொண்ணு ஒரு பக்கம் வெச்சிருக்குது. அதுல வெளம்பரம் வரும். அத அமுக்குங்க. அதான் மொய்!"

மண்டபமே போனை எடுத்தது. சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள் இடது கையால் எடுத்தார்கள். "மச்சான், எனக்கு சோப்பு வருது, அமுக்கலாமா?" "எதுவா இருந்தா என்ன, அமுக்குய்யா!" "மாமா, நான் பதினொண்ணு வெச்சிட்டேன், ஒத்தப்படையா இருக்கட்டும்!" "போன வருஷம் எம் பையன் கல்யாணத்துக்கு நீ அம்பத்தொண்ணு வெச்ச, நானும் அம்பத்தொண்ணா அமுக்கிடறேன், எவனும் கொற சொல்லக் கூடாது." கருவேப்பிலங்குறிச்சி சித்தப்பா அமுக்கிய வேகத்தில் ஒரு மிக்ஸிக்கு ஆர்டர் போட்டுவிட்டார், அது நாலாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நூறு டாலர் அரை மணியில் தாண்டிவிட்டது. நீங்கள் மைக்கில், "தாண்டிருச்சு! இருந்தாலும் நிறுத்தாதீங்க!" என்றீர்கள்.

இப்போது என்னுடைய தப்பு. எட்டு மாதமாக இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. விளம்பரத்தை நாமோ நமக்கு வேண்டியவர்களோ அமுக்கக் கூடாது, அமுக்கச் சொல்லிக் கேட்கவும் கூடாது என்று அவர்களுடைய விதியில் தெளிவாக இருந்தது. நான் அதை மூன்று தடவை படித்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீங்கள் மைக்கை வாங்கியபோது நான் பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். உங்களுக்கும் எனக்கும் நடுவே பத்து அடிதான். "அப்பா, வேணாம்" என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பாயசம் ஊற்றுகிறவருக்குக்கூடக் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். மறுபடி வாயைத் திறந்தேன். மறுபடி ஊற்றினார். அவ்வளவு பேர் முன்னால் போய் உங்கள் கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் பாயசத்தைக் குடித்தேன். நீங்கள் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் உங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் விளம்பரக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. முறையற்ற வகையில் அமுக்கியிருப்பதால் கணக்கு ரத்து, சேர்ந்ததும் கிடையாது. படித்துச் சொன்னேன். "முறையில்லாம எவன் அமுக்கினான்? எல்லாம் சொந்தக்காரன்தானே?" என்று நீங்கள் உண்மையாகவே கேட்டீர்கள். அப்போதும் நான் விதியைச் சொல்லவில்லை. சொன்னால், தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்களே. உங்களை யாரோ ஏமாற்றிவிட்டது போல விட்டுவிட்டேன். பிறகு சித்தப்பா, "கம்பெனிக்காரன் கேஸு போடுவான் அண்ணே, மைக்குல சொன்னதுக்கு வீடியோ இருக்குது" என்று பயமுறுத்தினார். ஒருநாள் தெருவில் வெள்ளை ஜீப்பு ஒன்று நின்றதும் நீங்கள் கொல்லைப்பக்கமாகப் போய் மூன்று நாள் கருவேப்பிலங்குறிச்சியில் இருந்தீர்கள். அது கொசு மருந்து அடிக்க வந்த ஜீப்பு அப்பா. அதைக்கூட நான் உங்களுக்குப் போன் செய்து சொல்லவில்லை, அம்மாவைத்தான் சொல்லச் சொன்னேன். பொங்கல் முடிந்ததும் குஜராத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள். பெட்டியைக் கட்டும்போது சட்டைகளுக்கு நடுவே பேப்பரைச் சுருட்டிச் சுருட்டி வைத்தீர்கள். இருபது வருடப் பழக்கம். எதுவும் உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்று.

இனி நடப்பைச் சொல்கிறேன். உங்கள் மேல் எந்தக் கேஸும் இல்லை. உங்களை யாரும் தேடவில்லை, முதலாளியைத் தவிர. போன வாரம் அவர் என் இடத்துக்கு வந்து, "ஏ பொண்ணு, ஒங்கப்பன் அந்தச் சீட்ட எங்க அச்சடிச்சான்?" என்று கேட்டார். நான் விரலால் கடைத்தெருப் பக்கம் காட்டினேன். "சீட்டு எங்கன்னு எல்லாக் கடைக்காரனும் கேக்குறான்மா. போன வருஷம் மூக்கு ஒடஞ்சதுன்னு ஒரு பொம்மைகூடத் திரும்பி வரலியாம். அவன வரச் சொல்லு. கட்றதுக்குக் கை தெரிஞ்ச ஆளும் இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "மைக்கு மட்டும் இங்க கெடையாதுன்னு சொல்லு" என்றார்.

ஆடி பிறந்ததிலிருந்து புள்ளிகளும் மெல்ல வருகின்றன. விளம்பரக் கம்பெனிக்கு ஒரே ஒரு முறை முறையீடு அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம் என்று போட்டிருக்கிறது. அதற்கு ஒரு சின்னப் பெட்டி, ஆயிரம் எழுத்துக்கு மேல் வாங்காது. "யாரோ சின்னப் புள்ளைங்க வெளயாட்டா அமுக்கிடுச்சுங்கன்னு எழுதேன்" என்றாள் அம்மா. நான் மாட்டேன் என்றேன். பொய் சொல்லித் திறந்தால் ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்த வெள்ளை ஜீப்பு நம் தெருவில் நிற்கும். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். மொய் என்றால் என்ன என்று விளக்கவே முந்நூறு எழுத்து போய்விட்டது. காதுகுத்தில் அறிவித்தது என் அப்பா, அவருக்கு விதி தெரியாது. விதி தெரிந்தும் தடுக்காதது நான். இனி எந்த விசேஷத்திலும் கேட்க மாட்டோம் என்று எழுதி, கடைசியில் "நன்றி ஐயா" என்று முடித்தேன். சரியாக ஆயிரம். இனி ஒரு புள்ளி வைக்கவும் இடமில்லை.

ஆனால் அதில் உங்கள் பெயர் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன். திறக்காமல் போனாலும் போகட்டும். உங்கள் பெயரை உங்களுக்குத் தெரியாமல் ஒரு இடத்தில் சொல்ல எனக்கு மனமில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன், பக்கம் விளம்பரம் இல்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும். சரி என்றால் கீழே கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பெயரில் எழுதக் கூச்சமாக இருந்தால், வெளிநாட்டில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரை எழுதச் சொல்லுங்கள்.

அங்கே வெயில் அதிகம் என்று அம்மா சொன்னாள். மோர் கிடைத்தால் குடியுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு போனைப் பாருங்கள், சாப்பிடும்போது வேண்டாம். யாராவது மைக் கொடுத்தால் வாங்காதீர்கள். நான் வாயைத் திறந்தால் கொஞ்சம் நின்று கேளுங்கள், பாயசம் ஊற்றாதீர்கள்.

வைக்கோல் மூட்டைக்குப் பக்கத்திலிருந்து,
பாப்பா

இதற்குக் கீழே உள்ளது மறுநாள் சேர்த்தது. ஒன்று பத்துக்குக் குஜராத்தில் புள்ளி வந்தது. நான்கு நிமிடம் ஆயிற்று, போகவில்லை. இங்கே எங்கள் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் வேலைக்கு எழுந்தார்கள். நான் போனைப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு ஒரு சரஸ்வதிக்குக் கண் வரைந்தேன், ஒரு கண் மட்டும். ஒன்று முப்பத்தொன்றுக்கு ஒரு கருத்து வந்தது.

"கடிதம் மிகவும் பயனுள்ள தகவல். தாராளமாக அனுப்பலாம். அப்பா பேரையும் போடலாம். பேருக்கு முன்னாடி திரு இருக்க வேண்டும். ஆவணி பிறந்ததும் அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறேன், வைக்கோல் எடுத்து வைக்கச் சொல்லவும். இப்படிக்கு, திரு. குமார்."

முறையீட்டைத் திறந்தேன். பெட்டியில் இடம் இல்லை. கடைசியில் "நன்றி ஐயா" என்று இருந்ததில் ஐயாவை அழித்தேன். மேலே போய், அப்பா பெயருக்கு முன்னால் திரு போட்டேன். அனுப்பினேன்.